தூக்குல இருக்கறான்

என் கணவரின் பேரை நான் சொல்வதில்லை. இங்கே எழுதப்போவதும் இல்லை. ஒண்ணாங் கிளாஸ் பிள்ளைகளுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுத்தே தொண்டை போன டீச்சர், புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று நம்புகிறவளா என்று நீங்கள் கேட்கலாம். நம்புகிறவள் இல்லை. அந்தப் பேரை யுத்த காலத்தில் விழுப்புரம் ஜங்ஷனில், போகிற வருகிற ரயிலுக்கெல்லாம் கேட்கும்படி கத்தித் தீர்த்துவிட்டேன். ஒரு பெண்பிள்ளை ஆயுசுக்கும் சொல்ல வேண்டியதை அங்கேயே சொல்லி முடித்தாயிற்று.

பெருமுக்கல் மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தது எங்கள் சேரி. ஊர் என்றால் அது வேறு. நடுவில் ஏரிக்கால்வாய் ஒன்று. அந்தப் பக்கம் ஊர், இந்தப் பக்கம் நாங்கள். எங்கள் ஜனத்தில் பாதி வேதக்காரர்கள், பாதி மாரியம்மன். ஒரே வீட்டில் மாமியார் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவாள், மருமகள் ஞாயிற்றுக்கிழமை ஜெபப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளம்புவாள். எங்கள் வீடும் அப்படித்தான். நான் திண்டிவனத்தில் மிஷன் ஹாஸ்டலில் தங்கி எட்டாவது வரை படித்து, டிரெயினிங்கும் முடித்து, சேரியில் மிஷன் நடத்திய ஓலைக்கொட்டகைப் பள்ளிக்கூடத்துக்கு டீச்சராக வந்தவள். அங்கேயே வாழ்க்கைப்பட்டுவிட்டேன். என் கணவருக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. அவர் பேச ஆரம்பித்தால் சிரிக்காமல் இருக்க முடியாது. படித்த மாப்பிள்ளைகள் எத்தனை பேரிடம் அது உண்டு?

அவர் மணியக்காரரின் புன்செய்க் கொல்லையில் வேலை செய்தார். மணியக்காரர் என்றால் கிராமத்துக்குச் சர்க்கார் வைத்த ஆள். வரி வசூலிப்பதும் போலீசுக்குத் தகவல் சொல்வதும் அவர்தான். நல்ல நிலத்தில் பாதியும் அவருடையதுதான். அவரை எங்கள் ஆட்கள் 'ஆண்டே' என்றுதான் கூப்பிட வேண்டும். ஊர்த் தெருவில் நடக்கும்போது எங்கள் ஆண்பிள்ளைகள் மேலே சட்டை போடக்கூடாது. துண்டு இருந்தால் அது இடுப்புக்கு இறங்கிவிட வேண்டும்.

ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்துவிட்டான் என்று பேச்சு அடிபட்ட சமயம், திண்டிவனத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். இவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போய்ப் பேர் கொடுத்துவிட்டு வந்தார்.

"எதுக்குங்க இந்த வேலை?" என்று கேட்டேன்.

"சட்டை போட்டுக்கத்தான்," என்றார். "சர்க்கார் சட்டைய எவன் கழட்டச் சொல்றான்னு பாக்கலாம்."

எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. மணியக்காரருக்குக் கோபம்தான் வந்தது. நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். மல்லாட்டை பிடுங்குகிற நேரத்தில் நல்ல உழைப்பாளி ஒருத்தன் கைவிட்டுப் போகிறானே என்கிற கோபம். "இவன் பட்டாளத்துல போய் இன்னா கிழிக்கப்போறான்? மொத வேட்டுச் சத்தம் கேட்டா ஓடியாந்துடுவான்," என்று எங்கள் ஆட்கள் எதிரிலேயே சொன்னார். அந்த வார்த்தை அவருக்கு அப்போதே ருசித்துப்போயிருக்க வேண்டும். அதை அவர் பிறகு கீழே வைக்கவே இல்லை.

போனவரிடமிருந்து முதலில் கடிதங்கள் வந்தன. யாரோ எழுதிக்கொடுத்தவை, எழுதியவருடைய கை வேறாக இருந்தாலும் குறும்பு இவருடையதாகவே இருக்கும். பிறகு அவர்களை அஸ்ஸாம் பக்கம் அனுப்பினார்கள். கொஞ்ச நாளில் கடிதம் நின்றது, மணியார்டரும் நின்றது. பட்டாளத்தில் தபால் நிற்பதற்கு ஆயிரம் காரணம் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வந்தேன்.

அப்போதுதான் அந்தச் சேதி வந்தது.

கொண்டுவந்தவர் என் சின்ன மாமனார். மாமனார் காலமான பிறகு வீட்டுக்கு ஆண் துணை அவர்தான். திண்டிவனம் ஸ்டேஷனில் கூட்ஸ் வண்டிகளில் மல்லாட்டை மூட்டை ஏற்றுகிற வேலை பார்த்தார். அன்றைக்குத் தெற்கே போகிற ஒரு மிலிடரி ரயில் அங்கே நின்றிருக்கிறது. ஜன்னலில் ஒரு காக்கிச் சட்டைக்காரன் தலையை நீட்டி, "பெருமுக்கல் பக்கத்து ஆளு யாராவது இருக்கீங்களாய்யா?" என்று கேட்டிருக்கிறான். இவர் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார். அவன் என் கணவரின் பேரைச் சொல்லி, தெரியுமா என்று கேட்க, "எங்க அண்ணன் மகன்தான்" என்று இவர் சொல்வதற்குள் ரயில் கிளம்பிவிட்டது. அவன் கத்திக்கொண்டே போனதில் இவர் காதில் விழுந்தது இவ்வளவுதான்: "குண்டு மழையில ஓடினான்யா... இப்ப தூக்குல இருக்கறான்... ஊட்ல சொல்லிடு!" மிச்சத்தை விசில் சத்தம் விழுங்கிவிட்டது.

சின்ன மாமனார் பொய் சொல்கிற மனிதர் இல்லை. கேட்டதைக் கேட்டபடியே கொண்டுவந்து எங்கள் வாசலில் அழுதுகொண்டே சொன்னார். ஓடினான், தூக்கு. சண்டையில் புறமுதுகு காட்டினவனைப் பட்டாளத்தில் உயிரோடு விடமாட்டார்கள் என்று எங்கள் சேரியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இந்த இரண்டு சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பிறகு வேறு எந்த அர்த்தத்தை யார் தேடப்போகிறார்கள்? என் மாமியார் மண்ணை வாரித் தலையில் போட்டுக்கொண்டாள்.

நான் ஒருத்திதான் தகராறு செய்தேன். "தூக்குல இருக்கறான்னுதானே மாமா சொன்னான்? போட்டுட்டாங்கன்னு சொல்லலியே. செத்தவன எவனாவது இருக்கறான்னு சொல்வானா?" என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தில் இறந்தகாலம் நிகழ்காலம் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு அது பெரிய சாட்சியாகப் பட்டது.

"கயித்துல தொங்கிக்கினு இருக்கறதும் இருக்கறதுதானே டீச்சரம்மா," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. நல்ல மனசோடுதான் சொன்னாள். எனக்கு அவளை அறைய வேண்டும்போல் இருந்தது.

தமிழில் சோறு கொண்டுபோகிற சட்டிக்கும் தூக்கு என்றுதான் பேர். அது ஏன் ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை என்று நான் பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். எங்களுக்கு நடக்கும் என்றால் கெட்டதுதான் நடக்கும் என்று பழகிப்போனதால் வந்த வினை அது. கெட்ட அர்த்தம் ஒன்று இருந்தால் அதுதான் எங்களுக்கானது என்று நாங்களே எடுத்து வைத்துக்கொள்வோம்.

மணியக்காரருக்குச் சேதி போனதும் அவர் சந்தோஷப்பட்டார் என்று சொல்லமாட்டேன். ஆனால் தான் சொன்னது பலித்ததில் ஒரு திருப்தி அவர் முகத்தில் இருந்தது, அதை நானே பார்த்தேன். கொல்லையில் மாமியார் களை வெட்டிக்கொண்டிருக்கும்போது, "ஓடிப்போனவன் ஆத்தா, ஜல்தியா கையாட்டு," என்பாராம். அவள் பிள்ளை செத்ததைவிட ஓடினான் என்பதுதான் அவளைத் தின்றது. கேப்பைக் கூழைக் கரைத்து வைத்துக்கொண்டு குடிக்காமல் பார்த்துக்கொண்டே இருப்பாள். காரியம் பண்ணி முடித்துவிட்டால் ஊர் வாய் மூடும் என்று நினைத்தாள். காரியம் என்றால் முதலில் என் கழுத்தில் இருப்பது இறங்க வேண்டும்.

"ஏண்டி, எம்புள்ளைய நெனச்சி நான் செத்துக்கினு இருக்கறேன். நீ பூ வெச்சிக்கினு ஸ்கூலுக்குப் போறியே, உனக்கு நெஞ்சு இருக்குதா?" என்று கேட்டாள்.

"இருக்குது அத்தே. இருக்கறதாலதான் வெச்சிக்கினு போறேன்," என்றேன்.

அவள் கேட்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால், உறவுக்காரப் பெண்கள் வீடு நிறைய உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் ஒரு வெள்ளைப் புடவை மடித்து வைத்திருக்கிறது. உள்ளே போய் அரிவாள்மணையை எடுத்துக்கொண்டு வந்து வாசற்படியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன்.

"இது சிலுவை போட்ட தாலி. எடுக்கணும்னா ஆளு செத்தான்னு எனக்கு சாட்சி வேணும். ரயில்ல போறவன் கத்தினதெல்லாம் சாட்சி இல்ல. அவர் ஓடினார்னு எவனாவது என் மூஞ்சிக்கு நேரா சொல்லட்டும், நானே கழட்டித் தர்றேன். அதுவரைக்கும் கிட்ட வர்றவங்க கை அவங்க கிட்ட இருக்காது," என்றேன். குரல் நடுங்கியது. பயத்தில் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். கோபத்தில் நடுங்கியது. ஒவ்வொருத்தியாக எழுந்து போனார்கள். மாமியார் அந்தப் புடவையை எடுத்துப் பெட்டியில் வைத்தாள், தூக்கி எறியவில்லை.

வீம்பாகப் பேசிவிட்டேனே தவிர, சாட்சிக்கு எங்கே போவது? திண்டிவனம் தாலுகா ஆபீசில் விசாரித்தேன். சேதி வந்தால் மணியக்காரர் வழியாக வரும், போய் வீட்டில் இரும்மா என்றார்கள். மணியக்காரர் வழியாக வருகிற சேதிக்காகக் காத்திருப்பதைவிடக் கிணற்றில் விழலாம். பிறகுதான் விழுப்புரம் ஜங்ஷன் நினைவுக்கு வந்தது. பாண்டிச்சேரி லைன், காட்பாடி லைன், திருச்சி லைன் எல்லாம் பிரிகிற இடம். லீவில் வருகிற பட்டாளத்துக்காரன் எவனாக இருந்தாலும் அங்கே வந்துதான் தன் ஊர் வண்டிக்கு மாற வேண்டும். அந்த ஜன்னல்காரனோ, அவனைப் போல இன்னொருத்தனோ அங்கே அகப்படாமலா போவான்?

ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்குப் போகாமல் விழுப்புரத்துக்குப் போனேன். ஏன் வரவில்லை என்று பாதிரியார் கேட்டார். "அங்கயும் வேண்டிக்கினுதான் நிக்கறேங்க," என்றேன். நல்ல மனிதர், புரிந்துகொண்டார்.

முதலில் நான் போய், "பெருமுக்கல்காரர் ஒருத்தரைத் தெரியுமாங்க?" என்றுதான் கேட்டேன். "பேரைச் சொல்லும்மா," என்பார்கள். பேர் வாயில் வரவில்லை. நம்பிக்கை இல்லை என்று சொல்லிக்கொண்டாலும் நாக்கு கேட்க வேண்டுமே! பள்ளிக்கூடத்துச் சிலேட்டில் பேரை எழுதிக்கொண்டு போய் ஜன்னல் ஜன்னலாகக் காட்டினேன். பாதிப் பேருக்குத் தமிழ் தெரியவில்லை, தமிழ் தெரிந்தவர்களில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியவில்லை. ரயில் போய்விடும், நான் சிலேட்டோடு நிற்பேன். ஒரு நாள் இரண்டு வண்டிகள் அப்படிக் கைவிட்டுப் போனபோது எனக்கு வந்த ஆத்திரத்தில் சிலேட்டைக் கீழே வைத்துவிட்டு, நெஞ்சு முட்ட மூச்சை இழுத்து அந்தப் பேரைக் கத்தினேன். இன்ன ஊர், இன்னார் மகன், இன்ன பேர். போர்ட்டர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முறுக்கு விற்கிறவன் கூடையை இறக்கி வைத்துவிட்டான். சிரித்தவர்கள் சிரிக்கட்டும் என்று திரும்பவும் கத்தினேன். அதற்கப்புறம் வாரா வாரம் கத்தினேன்.

அப்படிக் கத்திக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான், காட்பாடி லைன் பிளாட்பாரத்துப் பெஞ்சிலிருந்து ஒருவர் கையைத் தூக்கினார். காக்கிச் சட்டை, பக்கத்தில் ஊன்றுகட்டை. ஒரு பக்கத்துக் கால்சட்டையை முழங்காலுக்குக் கீழே மடித்து ஊசி குத்தியிருந்தது.

"அவனுக்கு நீ இன்னா ஆவணும்?" என்று கேட்டார்.

"சம்சாரம்."

"நெசமாவா! அவன் தூக்குலதானேம்மா இருக்கறான்," என்றார்.

பெஞ்சுக் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் பயந்துவிட்டார். "இன்னாம்மா, இன்னா ஆச்சு? தூக்குன்னா தெரியாதா? ஸ்ட்ரெச்சரும்மா! ஸ்ட்ரெச்சர்னு எங்க ஆளுங்க எவன் வாயில நுழையுது? தூக்குன்னுதான் சொல்லுவோம். தூக்கு பார்ட்டி. அடிபட்டுக் கெடக்கறவன தூக்கினு வர்ற வேலை," என்றார்.

நான் அழவில்லை. ஒரு கேள்வி பாக்கி இருந்தது. "அவர் ஓடினாராமே அண்ணே?"

"ஓடினான். எந்தப் பக்கம் ஓடினான்னு கேளு," என்றார்.

பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டு, உட்கார் என்றார். முகையூர்ப் பக்கம் என்றார். ஊர்த் தெருக்காரர் என்று பேச்சிலேயே தெரிந்தது. நான் எந்தத் தெரு என்று அவருக்கும் தெரிந்திருக்கும். உட்கார்ந்தேன். அவர் சொன்னதை எல்லாம் அவர் வாயாலேயே திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

ஒரு மலைச் சரிவு. உச்சியில் ஜப்பான்காரன் மிஷின் துப்பாக்கி வைத்து உட்கார்ந்திருக்கிறான். இவர்கள் ஏறிப் போய்ப் பாதிச் சரிவில் அடிபட்டுச் சிதறிவிட்டார்கள். பின்வாங்கச் சொல்லி உத்தரவு வந்து எல்லோரும் கீழே ஓடி வருகிறார்கள். அடிபட்டவர்கள் மேலேயே கிடக்கிறார்கள். "நாங்க எல்லாம் கீழ ஓடியாறோம், உன் ஊட்டுக்காரன் மேல ஓடறான்மா. கையில துப்பாக்கி கெடையாது. தூக்கு பார்ட்டிக்கு அது குடுக்க மாட்டாங்க. கூட வந்த ஜோடி ஆளுக்கும் கையில பட்டுடுச்சி. ஒத்த ஆளு ஸ்ட்ரெச்சர வெச்சிக்கினு இன்னா பண்ணுவான்? அதத் தூக்கிக் கடாசிட்டு, ஆள முதுகுல போட்டுக்கினு எறங்கினான். கீழ ஆத்தோரம் ஒரு பாறை மறைவு. அங்க கொண்டாந்து போட்டுட்டு, திரும்ப மேல ஓடறான். ஆபீசரு வேணான்னு கத்தறாரு. அவன் காதுல வாங்கினாத்தானே? போறான், வர்றான், போறான், வர்றான்."

"நீங்க?"

"நான் கடைசியா கெடந்தவன். கால் போயிடுச்சின்னு தெரியும். என்னத் தூக்கினு எறங்கறப்ப சுத்தி மண்ணு தெறிக்குது. உட்டுட்டுப் போடா, ரெண்டு பேரும் சாவ வேணான்னு கத்தினேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா? 'வாய மூடு, தூக்கறவன் நானா நீயா?'ன்னான்." அவர் சிரித்தார், சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பாறைக்கு வந்ததும் தண்ணி கேட்டேன். அவன் பாட்டில்ல இருந்து குடுத்தான், குடிச்சேன். எங்க ஊரா இருந்தா குடிச்சிருப்பேனான்னு நெனச்சா வெக்கமா இருக்குதும்மா."

'வாய மூடு, தூக்கறவன் நானா நீயா?' உலகத்தில் அப்படிப் பேசக்கூடியவர் ஒரே ஒருத்தர்தான். எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. அப்போதுதான் அழுதேன், அதுவும் சத்தமாக. முகையூர்க்காரர் வண்டி வந்து போர்ட்டர்கள் அவரைப் பிடித்து ஏற்றும்வரை அழுதேன்.

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னேன். அவள் நம்பினாள். ஆனால் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். "எந்தப் பக்கம் ஓடினானாம்? எல்லாரும் கீழ வர்றாங்க, இவன் மேலயா போனான்? ஒத்தையாவா?" ஆமாம் அத்தே, ஆமாம் அத்தே என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். அன்றைக்கு அவள் கூழ் குடித்தாள். சின்ன மாமனார் வெட்கத்தில் என் எதிரில் வரவே மாட்டேன் என்றார். "நீங்க கேட்டதத்தானே மாமா சொன்னீங்க, விசில் ஊதினவன் பண்ணின பேஜாருக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க?" என்று நானே போய்க் கூப்பிட்டுக்கொண்டு வந்தேன்.

ஊர் நம்பவில்லை. "பொம்பள ஜங்ஷன்ல நின்னு பொறுக்கியாந்த கதை," என்றார் மணியக்காரர். "ஓடினவன் ஓடினவன்தான்." என் கழுத்தில் தாலி நின்றது, என் கணவரின் பேர் நிற்கவில்லை. எனக்கு இரண்டும் வேண்டும். ஒன்று கிடைத்தது போதும் என்று கும்பிட்டு வாங்கிக்கொள்கிற சுபாவம் எனக்குக் கிடையாது.

யுத்தம் முடிந்து அவர் வந்து சேர்ந்தார். காய்ச்சலில் அடிபட்டு ஒட்டிப்போன முகம், பட்டாளத்துச் சட்டை, பட்டாளத்து பூட்ஸ். எல்லோரும் கதை கேட்க வந்து உட்கார்ந்தார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. "இன்னா பெரிய கதை? தூக்கற வேலை. தூக்கினேன்," என்றார். நாங்கள் தனியாக இருக்கும்போது என்னிடம் மட்டும் ஒன்று சொன்னார். "தூக்கினவங்க மூஞ்சியெல்லாம் மறந்துபோச்சி புள்ள. உட்டுட்டு வந்தவங்க மூஞ்சிதான் மறக்க மாட்டேங்குது." அந்த மனிதரைத்தான் இந்த ஊர் ஓடினவன் என்கிறது.

ஊர்த் தெருவில் அவரைச் சட்டையோடு பார்த்த மணியக்காரர், "இன்னாடா, ஓடினியாமே?" என்று கேட்டிருக்கிறார்.

"ஆமாங்கய்யா, ஓடினேன்," என்று சொல்லிவிட்டு இவர் போய்க்கொண்டே இருந்திருக்கிறார். ஓடினேன் என்று ஒப்புக்கொண்டதைவிட, ஆண்டே போய் ஐயா வந்ததுதான் அவரைச் சுட்டிருக்கும்.

பங்குனி மாத வெயிலில் மணியக்காரர் வீட்டு உழவு மாடு ஒன்று செத்தது. ஊரில் மாடு செத்தால் சேரி ஆட்கள் போய்த் தூக்கிக்கொண்டு போக வேண்டும். கூலி கிடையாது, மாட்டேன் என்கிற பேச்சும் கிடையாது. பிறப்போடு வந்த வேலை என்று வைத்திருந்தார்கள். மணியக்காரர் வீட்டு ஆள் கால்வாய்க்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு குரல் கொடுத்தான். "மாடு செத்துக் கெடக்குது, வாங்கடா! பட்டாளத்துல தூக்கிப் பழகினவன் இருக்கறானே, அவன மொதல்ல வரச் சொன்னாரு ஆண்டே!"

இவர் முருங்கை மரத்தடியில் கட்டிலில் படுத்திருந்தார். எழுந்து உட்கார்ந்தார்.

"உசுரு இருக்கற ஆளுங்களத் தூக்கின தோளு இது. செத்த மாட்டத் தூக்காது. போய்ச் சொல்லு," என்றார்.

அவன் திகைத்துப்போய் மற்ற ஆட்களைப் பார்த்தான். துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்த சின்ன மாமனார் நின்றார். அவரும் துண்டைத் தரையில் விரித்து உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்து மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். வந்தவன் திரும்பிப் போனான்.

வெயில் தாழ்வதற்குள் அவர்கள் வந்தார்கள். முன்னால் மணியக்காரர், பின்னால் தடியோடு ஊர் ஆட்கள். கால்வாய்க்கு அந்தப் பக்கம் வந்து கூடினார்கள். என் மாமியார் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்தாள். "ஓடிடுடா எப்பா! பின்னால மல்லாட்டைக் கொல்லை வழியா ஓடிடு! அவங்க கொன்னுடுவாங்கடா, ஜல்தியா ஓடிடு!"

மகன் ஓடினான் என்று கேட்டு உயிரைவிடப் பார்த்தவள், இப்போது ஓடு ஓடு என்று அவன் காலில் விழாத குறையாகக் கெஞ்சுகிறாள். பெற்ற வயிறு வேறு என்ன செய்யும்? அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். "இரும்மா, வர்றேன்," என்று சொல்லிவிட்டு, கட்டிலுக்கு அடியில் இருந்த பூட்ஸை எடுத்து நிதானமாகப் போட்டுக்கொண்டார். கயிற்றை முடிந்தார். கால்வாயை நோக்கி நடந்தார். கையில் ஒரு குச்சிகூட இல்லை.

எனக்குப் பயமாக இருந்தது. மறைக்க ஒன்றும் இல்லை. ஆனாலும் அவர் பின்னாலேயே போனேன். எனக்குப் பின்னால் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தால் மாமியார். அவளுக்குப் பின்னால் சின்ன மாமனார். அப்புறம் சேரி முழுக்க. மறுநாளிலிருந்து எங்களில் ஒருத்தருக்கும் கொல்லை வேலை கிடையாது என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் வந்தார்கள்.

அவர் கால்வாயில் இறங்கி அந்தப் பக்கம் ஏறி, தடிகளுக்கு எதிரில் கை எட்டும் தூரத்தில் போய் நின்றார்.

"ஓடினவனுக்கு இவ்ளோ திமிரா?" என்றார் மணியக்காரர்.

"அடிக்கறதுன்னா அடிங்கய்யா," என்றார் இவர். குரலை உயர்த்தவே இல்லை. "நான் ஓட மாட்டேன், கையும் ஓங்க மாட்டேன். தள்ளுமுள்ளுல உங்க ஆளு எவனாவது வுழுந்தான்னா, அவன நானே தோள்ல போட்டுக்கினு திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போறேன். எவனா இருந்தாலும் தூக்குவேன். மாட்டத் தூக்க மாட்டேன்."

முன்வரிசையில் நின்ற ஒரு பையன் தடியைத் தரையில் ஊன்றிக்கொண்டான். ஓங்குவதற்காக வந்த தடி அப்படி ஊன்றிக்கொள்கிற தடி ஆனதும், பக்கத்தில் இருந்தவனும் ஊன்றிக்கொண்டான். மணியக்காரர் எங்களைப் பார்த்தார், தன் ஆட்களைப் பார்த்தார். ஓடினவன் என்கிற வார்த்தை அவர் வாய்வரை வந்து நின்றதை நான் பார்த்தேன். எதிரில் இரண்டு பூட்ஸ் காலும் மண்ணில் பதிய ஒருத்தர் நிற்கும்போது அதை எப்படிச் சொல்வது? விழுங்கிவிட்டார். அதற்கப்புறம் அந்த வார்த்தையை நான் ஊரில் யார் வாயிலும் கேட்கவில்லை.

மாடு காலையிலேயே செத்தது. வெயிலில் ஊதி, வாடை தெருவைத் தாண்டி எங்கள் பக்கம் வரை வர ஆரம்பித்திருந்தது. கடைசியில் மணியக்காரரின் தம்பியும் பங்காளிகளும் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு கயிறு எடுத்து வந்தார்கள். ஆயுசில் செய்யாத வேலை. எங்கே பிடிப்பது, எங்கே கட்டுவது, ஒன்றும் தெரியவில்லை. ஒருத்தர் கொம்பைப் பிடிக்கிறார், ஒருத்தர் வாலைப் பிடிக்கிறார். மாடு அசையவே இல்லை. நாங்கள் கால்வாய்க் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். யாரும் சிரிக்கவில்லை.

என் மாமியாருக்குத்தான் பொறுக்கவில்லை. சற்று முன்பு வரை ஓடு ஓடு என்று அழுதவள், முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு எட்டு முன்னால் போய் நின்றாள்.

"முன்னங்காலு ரெண்டையும் சேத்துக் கட்டுங்க சாமி!" என்று ஊருக்கே கேட்கும்படி கத்திச் சொன்னாள். "குனிஞ்சி தோளக் குடுங்க! அப்பதான் வரும்!"